அப்பாவின் அவசரங்கள்

மார்ச் 3
நேர்காணலுக்கு இன்னும் அழைப்பு வரவில்லை. இன்பாக்ஸைத் திறந்தால் செருப்புத் தள்ளுபடி, காப்பீடு, எப்போதோ ஒரு பல்பு வாங்கிய கடையின் "உங்களை நாங்கள் மறக்கவில்லை". நடுவில் அப்பா. தலைப்பு: அவசரம். உள்ளே, சமையலறைக் குழாய் சொட்டும் வீடியோ. அவர் ஒரு ஊரில், நான் ஒரு ஊரில். இங்கிருந்து எதைக் கொண்டு அடைப்பேன்?

மார்ச் 4
உட்கார்ந்து மெயில்களைத் தரம் பிரித்தேன். "கடைசி வாய்ப்பு", "அரிய வாய்ப்பு" என்று உயிரை எடுக்கிறார்களே, வாய்ப்பு என்ற சொல் இருந்தாலே இனி நேராகக் குப்பை. அப்பா எழுதுவதெல்லாம் தனிப் பெட்டிக்கு. பூனை குட்டி போட்டது அவசரம், பக்கத்து வீட்டுக்காரரின் புது வண்டி அவசரம்! சனிக்கிழமை மொத்தமாகப் படித்துக்கொள்ளலாம்.
மனசு கொஞ்சம் உறுத்தியது. ஆனால் இன்பாக்ஸ் துடைத்துவிட்டது போல் இருக்கிறது.

மார்ச் 8, சனி
வரவில்லை. அப்பா பெட்டியைத் திறக்கவும் தோன்றவில்லை.

மார்ச் 11
வேலையே ஓடவில்லை. வீட்டு வரைபடத்தில் மாடிப்படியைக் கதவுக்கு நேராக இறக்கிவிட்டேன். பக்கத்து மேசைக் கண்ணாடிக்காரர் எட்டிப் பார்த்து, "கதவத் தொறந்தா மூக்கு ஒடஞ்சிடுமேம்மா" என்றார். நிமிஷத்துக்கு ஒரு தரம் மெயில் பார்த்தால் வேறென்ன வரும்? இந்த இடுக்கு ஆபீஸிலிருந்து தப்பிக்க அந்த வேலை ஒன்றுதானே வழி.

மார்ச் 12, புதன்
பொறுக்காமல், விண்ணப்பித்த கம்பெனிக்கே போன் செய்தேன். "திங்கக்கிழமையே அனுப்பிட்டோமே. நாளைக்குக் காலைல வரீங்கதானே?" என்றாள் அந்த அலுவலகப் பெண்.
குப்பையைக் கிளறினேன். இருந்தது. "இந்த வாய்ப்புக்கு உங்களைத் தேர்ந்தெடுத்ததில் மகிழ்ச்சி." என் புத்திசாலித்தனம்!
இன்னும் என்னென்ன தவறிப்போனதோ என்று அப்பா பெட்டியையும் திறந்தேன். அவசரம். அவசரம். மிக அவசரம். ஞாயிற்றுக்கிழமை வந்ததற்கு மட்டும் தலைப்பு: சும்மா.
"வியாழன் காலை நெஞ்சில் ஆபரேஷன். பெரிதாக ஒன்றுமில்லை. கூட யாராவது இருக்கணும்கிறார் டாக்டர். உனக்கு வேலை இருந்தால் விட்டுவிடு."
என்ன மனுஷன் இவரு? கொழாய்க்கு அவசரம், நெஞ்சுக்குச் சும்மாவா? ஒரு போன் பண்ணக் கூடாதா — பண்ணினால், "மெயில் போடுங்கப்பா, அப்புறம் பார்க்கிறேன்" என்று யார் சொன்னது? நான்தானே.
அம்மா போன பிறகு "யாராவது" என்றால் அங்கே யார் இருக்கிறார்கள்?

மார்ச் 13
பஸ்ஸில். எழுத்து கோணுகிறது. வர முடியாது, வேறு நாள் கிடைக்குமா என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். மேலே கேட்டுச் சொல்கிறாளாம். இந்த டிரைவர் ஏன் இப்படி உருட்டுகிறார்?

பிற்பகல். அப்பாவை உள்ளே தள்ளிக்கொண்டு போகும் நேரத்தில் போய்ச் சேர்ந்தேன். "லீவு குடுத்தாங்களா?" என்றார். தலையாட்டினேன். என் விரலை விடவே இல்லை, நர்ஸ்தான் பிரித்துவிட்டார்.
இன்னும் வெளியே வரவில்லை.

மார்ச் 19
அந்த இடத்தை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்களாம். இந்த மெயில் மட்டும் நேராக இன்பாக்ஸுக்கு வந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு பாட்டம் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு அப்பாவிடம் போனேன்.

மார்ச் 24
லீவு முடிந்து ஆபீஸ் வந்தாயிற்று. அப்பா இன்னும் நாலைந்து நாள் ஆஸ்பத்திரியில்தான். காலையிலிருந்து அவரிடமிருந்து ஒரு வரி இல்லை. கதவு, ஜன்னல், எதுவும் நேராக வரவில்லை.
மதியம் ஒரு மெயில். தலைப்பு: மிக மிக அவசரம்.
ஆஸ்பத்திரி சூப்பில் உப்பே இல்லையாம்.
அப்பாடா.