சாரலில் அணையாத அடுப்பு

இன்று காலை ஐந்தருவிப் பக்கம் ஒரு டீக்கடையில் நின்றேன். சாரல் சரிந்து அடித்தது. கடைக்காரர் அட்டைப் பெட்டியைக் கிழித்து, கேஸ் அடுப்பைச் சுற்றி மறைப்புக் கட்டிக்கொண்டிருந்தார். பற்றவைத்தார், அணைந்தது. மறுபடி பற்றவைத்தார், மறுபடி அணைந்தது. எனக்கு வந்த ஆத்திரம் இருக்கிறதே! "அந்தக் காலத்துலயே இதுக்கு ஒருத்தன் வழி கண்டுபிடிச்சிட்டான் வே!" என்று கத்திவிட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "செரி அண்ணாச்சி, செத்த நேரம் பொறுங்க, டீ தாரேன்" என்றார்.

உன்னைத்தான் சொன்னேன், சேக்காளி. உயிரோடு இருந்தபோது ஒரு வார்த்தை பாராட்டவிட்டாயா? "சும்மா இருல, மைதீனு" என்று வாயை அடைத்துவிடுவாய். இப்போது உன்னால் என்ன செய்ய முடியும்? நான் பாட்டுக்குப் பீற்றிக்கொள்கிறேன், கேட்டுக்கொண்டிரு.

ஐம்பதுகளில் நீ தென்காசியில் மொட்டைக் கோபுரத்துக்குப் பின்னால் தகரப் பட்டறை வைத்திருந்தாய். நான் சைக்கிளில் சட்டிபானை கட்டிக்கொண்டு ஊர் ஊராக விற்றுத் திரிந்தேன். ஆனி, ஆடி பிறந்தால் குற்றாலத்துக் கடைக்காரர்கள் படும் பாடு நமக்குத் தெரியும். கூட்டமும் அப்போதுதான் வரும், காற்றும் அப்போதுதான் வரும். அருவியில் குளித்து, பல் கிட்டிப்போய் ஒருவன் பஜ்ஜிக்கு நிற்பான். இங்கே சீமெண்ணெய் ஸ்டவ் அணைந்து கிடக்கும். நீ ஒருநாள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாய். "அரிக்கேன் விளக்கு இந்தக் காத்துல நிக்குதுல்லா? அடுப்பு ஏம்ல நிக்காது?" என்றாய்.

அவ்வளவுதான், பேய் பிடித்துவிட்டது உனக்கு. சோறு மறந்தாய், சவரம் மறந்தாய். கடைசியில் தகரத்தில் இரட்டைக் கூடு வைத்து ஓர் அடுப்பு செய்தாய். வெளிக்கூட்டின் அடியில் துளைகள். அதில் புகுந்த காற்று உள்கூட்டைச் சுற்றி, வேகம் தணிந்து, திரிக்குப் போய்ச் சேரும். தீயை அணைக்க வந்த காற்றையே தீக்கு ஊட்டிவிட்டாய், கள்ளப்பயலே! பேரருவிக்கு எதிரே பாறையில் அதைப் பற்றவைத்து, கொட்டும் சாரலில் நீ தண்ணீர் காயவைத்தபோது குளிக்க வந்தவர்கள் கிறுக்கன் என்றார்கள். தண்ணீர் கொதித்தது. ஈர வேட்டியோடு நான் போட்ட கூச்சலில் குரங்குகள் மரத்துக்கு மரம் தாவின.

பிறகென்ன, பட்டறை கம்பெனியானது. அடுப்பின் நெற்றியில் உன் பெயரை அச்சுக் குத்தினோம். குற்றாலத்துக் கடைகள், புளியறையில் லாரிக்காரர்கள் சாப்பிடும் கிளப்புகள், பாவூர்சத்திரம் சந்தை என்று எங்கும் உன் பெயர்தான் எரிந்தது. ஒவ்வொரு அடுப்பையும் மேற்குப் பார்த்த வாசலில், கணவாய்க் காற்று நேரே மோதுகிற இடத்தில் எரித்துப் பார்த்த பிறகே வெளியே அனுப்புவாய். அந்தக் காற்றில் நின்றால் எந்தக் காற்றிலும் நிற்கும் என்பாய். நானும் போகிற இடமெல்லாம் அதையே சொல்லித்தான் விற்றேன்.

மதுரையில் ஒரு பாத்திர வியாபாரி ஆசைப்பட்டுக் கேட்டார். தீபாவளிக்கு முன்னால் லாரி நிறைய அனுப்பினோம். தீபாவளி முடிந்ததும் புகார் வந்தது: உங்கள் அடுப்பு புகைகிறது.

நீ நம்பவில்லை. என்னை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினாய். ஒரு சந்துக்குள் ஒரு வீட்டு அடுக்களை. அந்த அம்மா நம் அடுப்பைப் பற்றவைத்தார். கொஞ்ச நேரத்தில் புகை கண்ணைக் கரித்தது. "நல்லாக் காத்து வர்ற எடத்துல வச்சுப் பாருங்கம்மா" என்றாய். அந்த அம்மா ஜன்னலைத் திறந்து காட்டினார். கைக்கெட்டும் தூரத்தில் பக்கத்து வீட்டுச் சுவர். "இங்கிட்டுக் காத்து ஏதுங்க? விசிறியத்தேன் வீசணும்" என்றார்.

காற்றைத் தின்று வாழும்படி அந்த அடுப்பைச் செய்துவிட்டு, காற்றே இல்லாத ஊருக்கு அனுப்பியிருக்கிறோம்! காற்று வராத அடுக்களை என்று ஒன்று உண்டு என்பதே நம் புத்திக்கு எட்டவில்லை. நீ அந்த அம்மாவைக் கும்பிட்டாய். "தப்பு எம்மேலதாம்மா" என்றாய். வெளியே வந்ததும், "மைதீனு, ஊரெல்லாம் தென்காசின்னு நெனச்சிட்டம்ல" என்று சிரித்தாய். எனக்கு அழுகைதான் வந்தது.

மதுரை வியாபாரி கெட்டிக்காரர். தென்காசிக்கே வந்தார். "உள்கூட்டை எடுத்துருங்கண்ணே. மெல்லிசு தகரத்துல நாங்களே அடிச்சுக்கிர்றோம். நீங்க பேரை மட்டும் குடுங்க, கம்பெனி நிக்கும்" என்றார். அவர் சொன்னபடியே ஒன்று செய்து பார்த்தாய். திரிக்கு நேரே காற்று கிடைத்தது, புகை இல்லை. ஆனால் எரிய எரிய, அடியில் சீமெண்ணெய்த் தொட்டி கை வைக்க முடியாமல் கொதித்தது. உள்கூட்டைச் சுற்றிய காற்றுதான் அதுவரை தொட்டியைக் குளிரவைத்திருந்தது.

முடியாது என்றுவிட்டாய். நான் விடுவேனா? "கூறு கெட்டவனே, கம்பெனி போயிரும்ல! ஊர்ல எல்லாவனும் இப்படித்தான் செய்யுதான்" என்று தெருவே கேட்கக் கத்தினேன். நீ அந்தத் தொட்டியைக் காட்டினாய்.

"எம்பேரப் பாத்துட்டுத்தான் ஒரு பொம்பள இதப் பத்தவைப்பா. அன்னைக்கு நீயும் நானும் அங்கன இருக்க மாட்டம்ல" என்றாய்.

மதுரைக்கு அனுப்பிய சரக்கையெல்லாம் திரும்ப எடுத்தாய். அதிலேயே கம்பெனி படுத்துவிட்டது. போர்டை இறக்கிய அன்று வேலைக்காரர்களிடம் அவரவர் உளியையும் சுத்தியலையும் கொடுத்தாய். ஒருவர் சிவகிரியில் பட்டறை போட்டார், இன்னொருவர் புளியறைக்குப் போனார். நீ பழையபடி சீசனுக்குச் சீசன் குற்றாலத்துக்கு மட்டும் அடுப்பு செய்துகொண்டிருந்தாய். தோற்றுப்போனான் என்று ஊர் சொன்னது. நீ அதைக் காதில் போட்டுக்கொண்டதாகவே தெரியவில்லை.

வியாபாரம் பழக வருகிற பிள்ளைகளிடம் இதைத்தான் சொல்கிறேன். சரக்கை அனுப்பும் முன்னால் அது போய் உட்காரப்போகிற அடுக்களையைப் பாருங்கள் என்கிறேன். அது அவர்களுக்குச் சட்டென்று விளங்கிவிடுகிறது. பெயரைக் கொடுக்க மறுத்ததைச் சொன்னால்தான், பிழைக்கத் தெரியாதவர் போலிருக்கிறது என்று முகத்தைப் பார்க்கிறார்கள்.

பார்க்கட்டும். நீ மறுத்த பிறகு வேறு பெயர்களில் மெல்லிசு தகர அடுப்புகள் வந்தன. அவை வெடித்துக் கை வெந்த பெண்களை இந்த மாவட்டத்தில் ஊருக்கு ஊர் பார்த்தேன். என்னைப் போல் ஊர் ஊராக அவற்றை விற்ற கூட்டாளிகள் சில தெருக்களில் தலைகாட்டாமல் சுற்றிக்கொண்டுதான் போவார்கள். நானோ உன் பெயர் குத்திய அடுப்பை எத்தனையோ வாசல்களில் இறக்கிவைத்தவன். அந்த வாசல்கள் எல்லாவற்றிலும் இன்றைக்கும் நின்று, "ஆச்சி, சௌக்கியமா?" என்று என்னால் கேட்க முடிகிறது.