‘சார்ந்திருப்பவர்’ என்னும் கட்டம்

மார்ச் 4, செவ்வாய்

இன்று சலவைக்கூடத்தில் எல்லோருக்கும் மருத்துவக் காப்பீட்டுப் புத்தகம் கொடுத்தார்கள். நாற்பத்திரண்டு பக்கம். பதினோரு வருஷமாக இந்த ஓட்டலின் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, தேய்த்து, மடித்து அனுப்புகிறேன். மாதம் தவறாமல் சம்பளத்தில் காப்பீட்டுக்குப் பிடிக்கிறார்கள். அதில் நான் அனுபவித்தது ஒரே ஒரு பல் பிடுங்கல். அதுவும் நல்ல பல்லோ என்னவோ.

சாப்பாட்டு நேரத்தில் தலையணை உறை மூட்டைமேல் உட்கார்ந்து பாதி படித்தேன். வருஷத்துக்கு ஒரு முறை கண் பரிசோதனை இலவசமாம். குடும்பத்தில் இருப்பவர்களுக்கும் உண்டாம். இந்த மாதம் 28-க்குள் பேரைப் பதிய வேண்டும், விட்டால் அடுத்த வருஷம்தான். இந்த முறை ஒன்றையும் விடப்போவதில்லை.

வீட்டுக்கு வந்தால் என் வீட்டுக்காரரின் பழைய பல்லவி. சட்டை பழுப்பாக இருக்கிறதாம். ஒரு நாளைக்கு அறுநூறு வெள்ளை விரிப்பு என் கண்ணைத் தாண்டித்தான் போகிறது, எனக்கே வெள்ளை எது என்று சொல்லித் தருகிறார் டிரைவர் ஐயா. ஓய்வு பெற்று இரண்டு வருஷமாக இதே பேச்சு. வாயைக் கிளறாதீங்க என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன்.

மார்ச் 6, வியாழன்

படிவத்தைக் கொண்டுவந்தேன். என் பேர் மேலே. அதற்குக் கீழே ஒரு கட்டம், அதன் தலைப்பு ‘சார்ந்திருப்பவர்’. அதில் அவர் பேரை எழுதி, அவர் கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

பூதக்கண்ணாடியை வைத்துப் படித்தார். படித்துவிட்டுத் தாளைத் தள்ளிவைத்தார்.

“நான் யாரைச் சார்ந்திருக்கேன்? முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டினவன். ஊரே என்னை நம்பி ஏறி உட்கார்ந்துச்சு.”

போன வருஷம் பேரைச் சேர்க்கக் கேட்டபோதும் இதே கதைதான், ஆனால் அப்போது காரணம் சொல்லவில்லை. ஒரு வார்த்தை இப்படிக் குறுக்கே படுத்துக்கொள்ளுமா?

மார்ச் 7, வெள்ளி

படிவம் மேசைமேல் அப்படியே கிடக்கிறது. காபி போட்டு வைத்தேன், குடித்தார். மூக்கு மட்டும் இன்னும் விறைப்பாகத்தான் இருக்கிறது.

மார்ச் 11, செவ்வாய்

பேத்தியைப் பள்ளியில் விடும்போது காரை வாசல் தூணில் உரசிவிட்டார். குழந்தை பின் சீட்டில். ஒன்றும் ஆகவில்லை, கதவில் கோடு விழுந்ததோடு சரி. தூண் நேற்று வரைக்கும் அங்கேதான் இருந்தது, இன்னைக்கும் அங்கேதான் இருக்கு, பின்ன எப்படிங்க தெரியாம போச்சு? கேட்டால் வெயில் கண்ணில் அடித்ததாம். காலையில் மேகமூட்டம்.

மகள் போன் செய்தாள். சத்தம் போடவில்லை, அதுதான் பயமாக இருந்தது. அப்பா கண்ணைக் காட்டும்வரைக்கும் குழந்தையைப் பள்ளி வேனில் அனுப்பிக்கொள்கிறேன் என்றாள். அவரிடம் சொன்னேன். சரி என்று சொல்லிவிட்டுக் கார் சாவியை ஆணியில் மாட்டினார். அதன் பிறகு நாள் முழுக்க நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. இதைவிட அவர் சண்டை போட்டிருக்கலாம்.

மார்ச் 13, வியாழன்

எங்கள் அலுவலகத்தில் எந்தத் தாளைக் கொடுத்தாலும் முத்திரை குத்துகிற ஒரு பெண் இருக்கிறாள். நாங்கள் அவளுக்கு வைத்த பேரே முத்திரை. அவளிடம் போய், அந்தத் தலைப்பை அடித்துவிட்டு ‘கணவர்’ என்று எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டேன். அடித்தல் திருத்தல் இருந்தால் படிவம் செல்லாதாம்.

“ஏன்க்கா, அவர் வேலையில இருந்தப்போ அவர் காப்பீட்டுல உங்க பேரு எங்க இருந்துச்சு?”

நெற்றியை நீட்டியிருந்தால் அதிலும் ஒரு முத்திரை குத்தியிருப்பாள்.

மார்ச் 14, வெள்ளி

பீரோவின் அடித்தட்டில் கிடைத்தது அவருடைய பழைய காப்பீட்டு அட்டை. ‘சார்ந்திருப்பவர்: மனைவி’. அவர் கையெழுத்து, குண்டு குண்டாக. பக்கத்தில் என் கையெழுத்து. இருபத்தாறு வருஷம் அந்தக் கட்டத்துக்குள் இருந்திருக்கிறேன். எனக்கு என்ன குறைந்துபோனது? ஒரு நாளாவது யோசித்தேனா?

இதை வைத்து அவரை ஒரு வழி பண்ணிவிடலாம் என்றுதான் கொண்டுபோனேன். அட்டையை வாங்கித் தடவிப் பார்த்தார். சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை.

“வார்த்தையில ஒண்ணும் இல்ல. கண்ணு போச்சுன்னு டாக்டர் எழுதிட்டா, அப்புறம் நான் வண்டிய தொடவே முடியாது. அதான்.”

இரண்டு வருஷமாக இதை மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டு, சட்டை பழுப்பு, வெயில் கண்ணில் அடிக்குது என்று ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். என் வாய்க்கு என்ன கேடு, எத்தனை நாள் நக்கலடித்திருக்கிறேன். பார்க்காமல் விட்டால்தான் மொத்தமாகப் போகும் என்றேன். நான் கூடவே வருகிறேன் என்றும் சொன்னேன்.

பேனாவைக் கேட்டார். கையெழுத்து கட்டத்தில் தொடங்கி, கோட்டைத் தாண்டி, என் பேர்மேல் போய் முடிந்தது. கோடு அவருக்குத் தெரியவில்லை. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

மார்ச் 17, திங்கள்

முத்திரை குத்தியாயிற்று. கோணல் கையெழுத்து செல்லுமாம்.

ஏப்ரல் 9, புதன்

கண் மருத்துவமனை. இரண்டு கண்ணிலும் புரை, நன்றாக முற்றியிருக்கிறது. டாக்டரம்மா சின்னப் பெண், பொறுமையாகச் சொன்னாள். அறுவை செய்தால் சரியாகிவிடுமாம், பிறகு வண்டியும் ஓட்டலாமாம். கண்ணுக்குள் இருக்கும் வில்லை பழுப்பேறிப் போனதால் பார்ப்பதெல்லாம் பழுப்பாகத்தான் தெரியும் என்றாள்.

இவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அப்போ என் சட்டை வெள்ளைதானா டாக்டர்?”

டாக்டரம்மா என்னைப் பார்த்தாள். எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம். வெளியே வந்ததும் மெதுவாக, “தப்பா பேசிட்டேன்” என்றார். முப்பத்தாறு வருஷக் கல்யாணத்தில் இதுதான் முதல் தடவை. தேதியைக் குறித்து வைக்கிறேன், பின்னால் இல்லை என்பார்.

மே 13, செவ்வாய்

வலது கண் முடிந்தது. அறுவைக்கு மூன்று நாள் முன்பே காப்பீட்டு அனுமதி வாங்க வேண்டும் என்று இருபத்து மூன்றாம் பக்கத்தில் போட்டிருந்தது. நான் ஒரு வாரம் முன்பே வாங்கி வைத்திருந்தேன். பக்கத்துக் கட்டில்காரரின் மகன் இதைத் தெரிந்துகொள்ளாமல் இன்று மாடிக்கும் கீழுக்கும் ஓடிக்கொண்டிருந்தான். பாவம், புத்தகத்தை அவனுக்குப் படிக்கக் கொடுத்தேன்.

மே 14, புதன்

கட்டைப் பிரித்தார்கள். வீட்டுக்குள் நுழைந்ததும் மூலை ஒட்டடை, சமையலறைச் சுவர்ப் பிசுக்கு எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தார். இதற்குத்தானா இவ்வளவு பாடுபட்டேன்? பிறகு என்னைப் பார்த்தார், ரொம்ப நேரம். உனக்கு எப்போது இவ்வளவு நரைத்தது என்றார். நீங்க பார்க்காதப்போ என்றேன்.

ஜூன் 24, செவ்வாய்

இடது கண்ணும் முடிந்து மூன்று வாரம். ஓட்டலாம் என்று டாக்டரம்மா கைப்பட எழுதிக் கொடுத்துவிட்டாள். மகள் அந்தத் தாளை இரண்டு தடவை படித்துவிட்டு, சரிப்பா, திங்கள்கிழமையிலிருந்து நீங்களே கூட்டிப் போங்க என்றாள். காரை இப்போதே கழுவிக்கொண்டிருக்கிறார்.

ஜூலை 8, செவ்வாய்

இப்போது அந்தப் புத்தகம் அவர் கையில். கண்ணாடிகூட இல்லாமல் படிக்கிறார், போன வாரம் ஒன்பதாம் பக்கத்தில் நிறுத்தினார். நாற்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு வருஷம் ஒரு முழுப் பரிசோதனை. நீ எத்தனை தடவை போயிருக்கே என்று கேட்டார். ஒரு தடவையும் இல்லை. ஒன்றையும் விடமாட்டேன் என்று சபதம் போட்டவள், என் பக்கத்தை மட்டும் புரட்டிவிட்டுப் போயிருக்கிறேன். அவரே போன் செய்து நாள் வாங்கிவிட்டார்.

இன்று போனோம். ரத்த அழுத்தம் அதிகமாம், எத்தனை நாளாக என்று தெரியாதாம். மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள், இப்போதே வந்தது நல்லது என்றார்கள். மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது.

இரண்டு வருஷமாக அவர் ஓட்டும்போதெல்லாம் சாலையைப் பார்ப்பது நான்தான். சிவப்பு, ஆள் குறுக்கே வருது, மெதுவா என்று சொல்லிக்கொண்டே, காலடியில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவேன். இன்று திரும்பும்போது காரில் ஏறிப் பெல்ட்டைப் போட்டதுதான் ஞாபகம் இருக்கிறது. நன்றாகத் தூங்கிவிட்டேன். வீடு வந்து சேர்ந்த பிறகுதான் எழுப்பினார்.