ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டாள் உங்கள் மகள்

என் பிரியமான சரோஜா மதினிக்கு,

இங்கே நாங்கள் எல்லோரும் சுகம். நீங்கள் இருந்திருந்தால், "சுகம்னா என்ன சுகம்? விளக்கமாச் சொல்லு" என்று கேட்டிருப்பீர்கள். அதனால் விளக்கமாகவே எழுதுகிறேன். நான் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் பிள்ளைகள் எல்லாம் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறார்கள். அம்மாக்கள் மலையில் கொழுந்து எடுக்கிறார்கள். நம் லிந்துலைத் தேயிலைத் தோட்டத்தில் காலையிலிருந்தே தூறல். எனக்கு இதைவிட நல்ல நேரம் வாய்க்காது.

இன்றைக்குப் பிள்ளைகளுக்குத் தராசில் நிறை பார்க்கிற நாள், மதினி. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உங்களுக்கு நினைவிருக்கிறதா? செல்வி கைப்பிள்ளையாக இருந்தபோது நிறை குறைந்துவிட்டது என்று அந்தக் காலத்துக் கிளினிக் நர்ஸ் மிஸ்ஸி உங்களை எல்லோர் முன்னாலும் ஏசினார். "பெத்தா மட்டும் போதுமா, வளர்க்கத் தெரிய வேணாமா?" என்று. அடுத்த மாதம் நீங்கள் என்ன செய்தீர்கள்? பிள்ளைக்கு ஒன்றன்மேல் ஒன்றாக ஸ்வெட்டர், கம்பளித் தொப்பி, வெள்ளிக் கொலுசு எல்லாம் மாட்டி, வயிறு முட்டப் பால் கொடுத்துத் தராசில் தொங்கவிட்டீர்கள். நிறை கூடிவிட்டது! இந்தக் குளிரில் ஸ்வெட்டரை யார் சந்தேகப்படுவார்கள்? அந்த வித்தை நம் லயத்து வீடுகள் முழுக்கப் பரவியது.

அதை முதலில் விட்டவரும் நீங்கள்தான். "நீங்க ஏசுறத நிறுத்துங்க மிஸ்ஸி, நான் ஸ்வெட்டரக் கழட்டுறேன்" என்று ஒருநாள் கிளினிக்கில் வைத்தே சொன்னீர்கள். மிஸ்ஸி முறைத்தார், பிறகு அவரே சிரித்துவிட்டார். அன்றிலிருந்து உங்கள் வாய்க்கு ஓய்வே இல்லை. இந்த ஊசி எதுக்கு, காய்ச்சல் வருமா, வந்தா என்ன செய்யிறது என்று கேட்டுக்கொண்டே இருப்பீர்கள். நாங்களோ தோட்டத்துத் தொரைக்கும் சரிங்க, கங்காணிக்கும் சரிங்க, மிஸ்ஸிக்கும் சரிங்க. தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால் எங்கள் இஷ்டம். அண்ணன் உங்களைக் கேலி செய்தால், "வாயுள்ள புள்ளதான் பிழைக்கும்" என்று ஒரே போடாகப் போடுவீர்கள்.

நீங்கள் கண்மூடிய பிறகு செல்விக்குப் பெண் பிள்ளை பிறந்தது. உங்கள் பெயரை வைக்கச் சொன்னேன். "சரோஜான்னா பள்ளிக்கூடத்துல சிரிப்பாங்க அத்தை" என்று சொல்லி ரித்திகா என்று வைத்துவிட்டாள். கோபப்படாதீர்கள், நான் போதுமான அளவு கோபப்பட்டுவிட்டேன்.

ரித்திகா அழவே மாட்டாள். அமைதியான பிள்ளை, தங்கமான பிள்ளை என்று லயமே மெச்சியது. கிளினிக்கில் நிறையும் சரியாகவே வந்தது. செல்வி வேலைக்குத் திரும்பியதும் பிள்ளை என் கைக்கு வந்தாள். அன்று செல்வி வேலைக்கு நடுவில் ஓடி வந்து பால் கொடுத்தபோது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். இரண்டு மடக்குக் குடிப்பாள், விட்டுவிட்டு மூச்சு வாங்குவாள். நெற்றியெல்லாம் வேர்வை. நம் ஊர்க் குளிரில் பால் குடிக்கிற பிள்ளைக்கு வேர்க்குமா, மதினி? ஸ்வெட்டர்களைக் கழற்றினேன். உள்ளே விலா எலும்பு தெரிந்தது.

ஏச்சு என் தொண்டை வரை வந்துவிட்டது. அப்போது உங்கள் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது. விழுங்கிக்கொண்டு, "ஏன்டி இப்புடிப் போட்டு மூடியிருக்க?" என்று மட்டும் கேட்டேன். செல்வி உடைந்து அழுதாள். "எல்லார் முன்னுக்கும் ஏசுவாங்கன்னு பயமா இருந்துச்சு அத்தை. அம்மா இருந்தா எனக்காகக் கேட்டிருப்பாங்க."

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேரும் கிளினிக்குக்குப் போனோம். இப்போதிருக்கிற மிஸ்ஸி சின்னப் பெண். ஏசவே இல்லை. பிள்ளையின் மார்பில் கை வைத்துப் பார்த்துவிட்டு அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். நானும் கூடப் போனேன். அங்கே படம் பிடித்துப் பார்த்தார்கள். பிள்ளையின் இதயத்தில் ஓட்டை. ஆப்பரேஷன் செய்ய வேண்டும் என்று டாக்டரம்மா பாதித் தமிழும் பாதிச் சிங்களமுமாகச் சொன்னார். செல்வி "ஹரி டொக்டர்" என்று சிங்களத்திலேயே சரி சொல்லித் தலையாட்டினாள்.

அதே நேரம் கொழும்புக் கடையிலிருந்து மாப்பிள்ளை சிவாவின் போன். செல்வி விஷயத்தைச் சொன்னாள். "வீடியோவுல பாக்கிறப்போ கும்முனு இருந்தாளே! ஓட்டையாம் ஓட்டை! பச்சப் புள்ள மேல கத்தி வைக்க விடமாட்டேன். மாடசாமிக்கு நேர்ந்துக்கிட்டு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ." அவர் கெட்டவர் இல்லை, மதினி. ஸ்வெட்டருக்குள் இருந்த பிள்ளையைத்தான் அவருக்குத் தெரியும். செல்வி அவருக்கும் "சரிங்க" என்றாள்.

இரண்டு பக்கமும் சரி சொல்லிவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கதவு வரை போய்விட்டாள். இப்போது வெளியே போனால் திரும்பி வரமாட்டாள் என்று தெரியும். ஆனால் பிள்ளை அவளுடையது, நான் எப்படி முடிவு சொல்வது? "உனக்கு என்னடி விளங்குச்சு?" என்று மட்டும் கேட்டேன். செல்வி திரும்பி வந்து டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்தாள்.

"எனக்கு ஒண்ணும் விளங்கல டாக்டர். ஆப்பரேஷன் செய்யாம விட்டா என்ன ஆகும்? செஞ்சா உசுருக்கு ஆபத்தா? கொஞ்ச நாள் பொறுத்துப் பார்க்கலாமா?"

ஐயோ மதினி, அந்தக் குரலை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்!

டாக்டரம்மா கோபப்படவில்லை. ஒரு தாளில் இதயத்தை வரைந்து காட்டினார். சின்ன ஓட்டை என்றால் தானாகவே மூடிக்கொள்ளலாம், இது பெரிது என்றார். மருந்து கொடுத்துக் கொஞ்ச காலம் தாங்கலாம், அதிகம் தள்ளிப்போட்டால் நுரையீரல் கெட்டுவிடும். "ஆபத்தே இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா நெறையப் பிள்ளைங்க நல்லா ஆகியிருக்காங்க" என்றார். செல்வி போனை நீட்டினாள். "இதையே எங்க வீட்டுக்காரருக்கும் சொல்றீங்களா?" சிவா அந்தப் பக்கம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கடைசியில், "அந்த நேரம் நான் பக்கத்துல இருக்கலாமா டாக்டர்?" என்று கேட்டார். முடிவு இரண்டு பேரும் சேர்ந்து எடுத்ததுதான். நான் வாயே திறக்கவில்லை, நம்புங்கள்.

கொழும்பில் ஆப்பரேஷன் நடந்தது. மாடசாமி வேண்டுதலையும் விடவில்லை. பிள்ளைக்குத் திருநீறு பூசலாமா என்று டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் சிவா பூசினார். ஆப்பரேஷன் அறைக் கதவுக்கு வெளியே அவர் அழுத அழுகையில் எனக்கு அவர்மேல் இருந்த மிச்சக் கோபமும் போய்விட்டது.

இன்று காலை தராசுக்கு முன்னால் செல்வி தானாகவே ரித்திகாவின் ஸ்வெட்டரைக் கழற்றினாள். வெறும் சட்டையோடு தொங்கவிட்டோம். பிள்ளை தராசிலேயே மூத்திரம் போய்விட்டாள். "அதைக் கழிச்சாலும் நல்லாத்தான் கூடியிருக்கா" என்று மிஸ்ஸி சிரித்தாள். வரிசையில் பின்னால் நின்ற பெண் தன் பிள்ளையின் இரண்டாவது ஸ்வெட்டரைக் கழற்றத் தொடங்கினாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இந்தக் காம்பராவுக்குப் பிள்ளையைக் கொண்டுவருகிற எந்தத் தாயையும் வெறும் "சரிங்க"வோடு விடமாட்டேன். என்ன விளங்கியது என்று கேட்பேன். விளங்காததைக் கேட்க அவளோடு கிளினிக் வரை நடப்பேன். யாரையும் ஏசமாட்டேன் என்றும் சத்தியம் செய்யலாம்தான், ஆனால் என் வாய் உங்களுக்குத் தெரியாதா?

இதோ, ரித்திகா எழுந்துவிட்டாள். பசி. அழுகிற சத்தம் ரோட்டு வரைக்கும் கேட்கும். தூங்கிக்கொண்டிருந்த மற்றப் பிள்ளைகளும் எழுந்துவிட்டார்கள். பெயர் வேறாக இருந்தால் என்ன மதினி, குரல் உங்களுடையதுதான்.

உங்கள் பேத்தியைத் தூக்கப் போகிறேன்,
உங்கள் நாத்தனார்
ராசாத்தி