பொட்டு மேல் போட்ட பழி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. அப்பா சுகம், நான் இருமலும் நானுமாக இருக்கிறேன், நீ நோய்நொடி இல்லாமல் இருந்தால் அதுவே எனக்குப் போதும். போனில் சொன்னால் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன்.

என் மூச்சிரைப்புக்குப் போன வாரம் புது டாக்டரிடம் தனியாகப் போயிருந்தேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் கையில் குத்திப் பார்த்து நாய் அலர்ஜி என்றார்களே, அது மொத்தமாகச் சொன்னதாம். இவர் ரத்தம் எடுத்து, நாயிடமிருந்து வரும் புரதங்களில் எது எனக்கு ஆகவில்லை என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வைத்தார், மூலக்கூறு சோதனையாம். முடிவு வந்ததும், "வீட்ல இருந்தது ஆண் நாயா, பெண் நாயா?" என்று கேட்டார். நம் பொட்டு பெண் நாய் என்றேன். "உங்களுக்கு ஆகாதது ஒரே ஒரு புரதம்தாம்மா, அது ஆண் நாய்கிட்ட மட்டும்தான் இருக்கும். உங்க நாயால வந்திருக்காது" என்றார். நான் வேலை பார்க்கும் தையல் கடை முதலாளியம்மாவின் நாய் ஆண், வெட்டிப் போட்ட துணிக் குவியலில்தான் நாளெல்லாம் படுத்திருக்கும். அங்கே வாங்கிய இரைப்போடு வீட்டுக்கு வந்து, காலடியில் நின்ற உன் பொட்டு மேல் பழியைப் போட்டேன். பழி ஓரிடம் பாவம் ஓரிடம். அவளைக் கொடுத்துவிட்ட பிறகும் இரைப்பு நிற்கவில்லை, மயிர் ஒட்டியிருக்கும் என்று அப்பா மெத்தை உறையைத் துவைத்துத் துவைத்தே கிழித்தார், அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். லேத் பட்டறைக்காரர் வீட்டில் அவள் நன்றாக இருக்கிறாள் என்று நீ கேட்டபோதெல்லாம் சொன்னேனே, அது பொய். கொண்டுபோய் விட்ட பதினெட்டாம் நாளே செத்துப்போனாள். "கையில வெச்சு ஊட்டினேன்க்கா, வாயே திறக்கல" என்று அவர் அழுதார். நீ அப்போதுதான் வேலையில் சேர்ந்திருந்தாய், சொல்ல வாய் வரவில்லை. நீ கேட்டபோது அனுப்பியதெல்லாம் பழைய போட்டோக்கள். இன்னொரு தடவை சோதித்துப் பாரம்மா என்று நீ கெஞ்சினாய், உனக்கு அம்மா முக்கியமா நாய் முக்கியமா என்று நான் கேட்டேன். அப்படிக் கேட்டிருக்கக் கூடாது.

கடையில் என் மிஷினை ஜன்னலோரம் மாற்றிக்கொண்டேன். அந்த நாயை எங்கேயாவது அனுப்புங்கள் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடாதே. கோபமிருந்தால் திட்டுவதற்காவது போன் பண்ணு. அப்பாவிடம் மட்டும் இந்தச் சோதனை முடிவைச் சொல்லிவிடாதே. அவர்தான் அவளை நடத்திக் கூட்டிப்போனார், வழியெல்லாம் வாலாட்டிக்கொண்டே வந்தாள் என்று இன்னமும் சொல்கிறார். நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும் கண்ணே.

உன் அம்மா