கோழிக்கு எடமில்லீங்க

அக்கா,

கையிலிருந்து பிளீச்சிங் பவுடர் நெடி இன்னும் போகவில்லை. இரண்டு முறை சோப்புப் போட்டாயிற்று. கேட்டுக்கு முன்னால் பவுடரைத் தூவி, மேலே நனைத்த சாக்கை விரித்திருக்கிறேன். உள்ளே வருகிற செருப்பு எதுவானாலும் அதை மிதித்துவிட்டுத்தான் வரவேண்டும். பால்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஏனுங்க, பெரியம்மணி திரும்பி வந்துட்டாங்களாட்ட இருக்குதுங்க" என்றார். உங்களைச் சொன்னது கேட்க எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

நம் தெருவில் மறுபடியும் கோழிகளுக்கு வெள்ளைக்கழிச்சல். மேற்கு வீட்டில் ஏழு உருப்படி போய்விட்டது. நம் கொட்டகையில் கருங்கோழியைப் பதினொரு முட்டையின் மேல் அடை வைத்திருந்தேன். கிட்டே போனால் இறக்கையை விரித்துக்கொண்டு கொத்த வருகிறது. பெரிய கோழிகளுக்குச் சொட்டு மருந்து போட்டிருக்கிறேன், ஆனால் பொரிக்கப் போகிற குஞ்சுக்கு ஏது மருந்து? அடை வைத்த பதினெட்டாம் நாள் காலையில், கிணத்துக்கடவுப் பக்கம் என் பிறந்த வீட்டு ஊரிலிருந்து என் தம்பி பைக்கில் வந்து நின்றான். ஹேண்டிலில் ஓர் ஒயர்கூடை. அதற்குள் இரண்டு கோழிகள்.

"ஊர்ல எல்லா ஊட்லயும் சீக்குக்கா. இது ரெண்டும் தெளிவாத்தான் இருக்குது. பத்து நாளைக்கு உங்கூட்ல கெடக்கட்டும்" என்றான்.

நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? ஓர் ஊரில் கோழிச்சீக்கு வந்தால், நல்லதாகத் தெரிகிற நாலைந்தை ஒறம்பரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். சொந்தம் கொண்டுவந்ததை வேண்டாம் என்று சொன்னால் மரியாதை கெட்டுப்போகும். அந்த மரியாதையோடு சீக்கும் சேர்ந்து பஸ் ஏறி வரும். நான் இந்த வீட்டுக்கு இளைய மருமகளாக வந்த புதிதில், ஓர் ஆடி மாதம் அப்படித்தான் நானும் ஒரு செவலைக்கோழியைக் கூடையில் வைத்துத் தூக்கிவந்தேன்.

அம்மா கொடுத்தது. உங்களிடம் சொல்லாமல் குளியலறைக்குப் பின்னால் பஞ்சாரத்தைப் போட்டு மூடிவைத்தேன். சொன்னால் நீங்கள் விடமாட்டீர்கள் என்று தெரியும். ஏனென்றால் உங்கள் சாம்பல்கோழி அப்போது பதின்மூன்று முட்டையின் மேல் அடையில் இருந்தது. இடி இடித்தால் கூமுட்டையாகிவிடும் என்று அடைக்கூடையில் கரித்துண்டும் இரும்பாணியும் போட்டு வைத்திருந்தீர்கள். நானோ செவலைக்கு வைத்த அதே தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்துப்போய்ச் சாம்பலுக்கும் வைத்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

ஐந்தாம் நாள் செவலை கழுத்தைத் திருகிக்கொண்டு விழுந்தது. பிறகு நம்முடையவை ஒவ்வொன்றாக விழுந்தன. சாம்பல்கோழி எழுந்திருக்கவே இல்லை. அடையில் அசந்திருக்கிறது என்று நினைத்துத் தவிட்டை மூக்குக்கு நேரே நீட்டினீர்கள். முட்டைகளின் மேலேயே செத்துப்போயிருந்தது.

பொரிக்க இரண்டே நாள் பாக்கி. ஒரு முட்டையைக் காதில் வைத்துக் கேட்டீர்கள். பிறகு என் காதிலும் வைத்தீர்கள். உள்ளே குஞ்சு டொக் டொக்கென்று கொத்திக்கொண்டிருந்தது. "வேற கோழிக்கு அடியில வெச்சுப் பாக்கலாம்" என்றார் அத்தை. "நிக்கறத எல்லாம் அறுத்துக் கொழம்பு வெச்சுப்போடுங்க" என்றார் பக்கத்துத் தோட்டத்துக்காரர். நீங்களோ தென்னந்தோப்புக் கடைசியில் ஆழமாகக் குழி வெட்டச் சொல்லி, செத்த கோழிகளையும் அந்தப் பதின்மூன்று முட்டைகளையும் உள்ளே வைத்து, சுண்ணாம்பைக் கொட்டி மூடினீர்கள். நான் அழுதேன். உங்கள் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. அன்று உங்களைக் கல்நெஞ்சுக்காரி என்று நினைத்தேன். இதை இன்று சொல்லாமல் வேறு எப்போது சொல்வது?

"எங்கிருந்து வந்துச்சு இந்தக் கெரகம்?" என்று அத்தை கேட்டார். நீங்கள் பஞ்சாரத்தைப் பார்த்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள். "ஆடிக்காத்துல வந்துச்சுங்கத்தெ" என்றீர்கள்.

துணி துவைக்கிற கல்லண்டை நாம் இருவர் மட்டும் இருக்கும்போதுதான் கேட்டீர்கள். "எதுக்கு அம்மணி ஒளிச்சு வெச்ச?"

"அம்மா குடுத்தாங்க. வேண்டாம்னு சொல்ல வாய் வரலீங்கக்கா."

"வாய் வரலீன்னா கேட்டச் சாத்து. அதுக்கு வாய் வேண்டீதில்ல" என்றீர்கள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நீங்கள் எடுக்கவே இல்லை.

ஆனால் ஊர் சும்மா இருக்குமா? காற்றின் மேல் போட்ட பழி யாருக்கும் போதவில்லை. மூத்த மருமகள் கைக்கு ராசியில்லை, அவள் அடை வைத்தால் தங்காது என்றார்கள். தெருவில் ஒருத்தியும் அதற்குப் பிறகு தன் அடைக்கூடையை உங்களைத் தொடவிடவில்லை. என் அம்மாவும் அப்படித்தான் பேசினாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன், அக்கா. பயந்தாங்கொள்ளி நான்.

நீங்கள் அதற்காக மூலையில் உட்காரவில்லை. கேட்டில் பிளீச்சிங் பவுடர் வந்தது அப்போதுதான். உங்கள் சொந்தப் பெரியப்பா வீட்டார் கோயிலுக்கு நேர்ந்த சேவலோடு வந்தபோதும் வாசலிலேயே நிறுத்தினீர்கள். "ஒறம்பரைக்குக் காப்பி உண்டுங்க. கோழிக்கு எடமில்லீங்க." எத்தனை 'ங்க' போட்டாலும் இல்லை என்றால் இல்லைதான். அவர்கள் காப்பியும் குடிக்காமல் போனார்கள். நீங்கள் போட்ட காப்பியை வீணாக்காமல் நாம் இருவரும் குடித்தோம்.

கால்நடை ஆஸ்பத்திரியிலிருந்து சொட்டு மருந்தை ஐஸ் போட்ட பிளாஸ்கில் வாங்கிவருவீர்கள். ஒரு குப்பி நூறு கோழிக்கு வரும். உடைத்தால் உடனே போட்டுத் தீர்த்தாக வேண்டும். உங்கள் கைக்கு ராசியில்லை என்று சொன்ன அதே வீடுகளுக்குள் பிளாஸ்கோடு நுழைந்து, "கோழியப் புடிங்க, கண்ணுல ஒரு சொட்டுதானுங்க" என்பீர்கள். திரும்பி வந்து சேலை மாற்றிய பிறகுதான் நம் கொட்டகைப் பக்கம் போவீர்கள். முட்டையே இல்லாமல் அடை கிடந்த கோழியை, அடை தெளியட்டும் என்று நான் தண்ணீரில் முக்கப்போனபோது, "உன்னைய முக்குனா நீ சும்மா இருப்பியா?" என்று பிடுங்கிக்கொண்டீர்கள். கவிழ்த்த பால் கிரேட்டின் மேல் மூன்று நாள் காற்றோட்டமாகக் கூண்டில் விட்டீர்கள். அடை தெளிந்து தானாக மேயப் போயிற்று.

போன வருஷம் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில், உங்கள் பேச்சும் மூச்சும் நிற்பதற்கு முந்தின நாள் என்னிடம் கேட்டது ஒன்றுதான். "கேட்டச் சாத்துனியா?"

தம்பியிடம் எனக்கு வாய் வந்தது, அக்கா. "நீ உள்ள வா கண்ணு, காப்பி குடிச்சுட்டுப் போ. கோழிக்கு எடமில்ல" என்றேன். "கூடப் பொறந்தவன் கிட்டயே இப்படிப் பேசறியாக்கா?" என்றான். "கூடப் பொறந்தவனுக்குத்தான் எடம். கூடைக்கு இல்ல" என்றேன். பைக்கை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

சாயங்காலம் அம்மா போன் பண்ணினாள். "அந்த ராசியில்லாத கைக்காரி கூட இருந்து நீயும் அவளாட்டவே ஆயிட்ட."

போனை ஸ்பீக்கரில் போட்டேன். அத்தை பக்கத்தில்தான் இருந்தார். உங்கள் வீட்டுக்காரரும் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எல்லார் காதிலும் விழும்படி சொன்னேன். "அந்தச் சீக்கு காத்துல வரலீங்கம்மா. நீங்க குடுத்த செவலக்கோழில வந்துச்சு. நாந்தான் ஒளிச்சு வெச்சேன். அக்கா கைக்கு ஒரு கொறையும் இல்லீங்க. எனக்குத்தான் வாயில்லாமப் போச்சு."

அம்மா போனை வைத்துவிட்டாள். அத்தை, "அவளுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். உங்களுக்கு அன்றைக்கே தெரியும் என்றேன். உங்கள் வீட்டுக்காரர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்துபோய், கேட்டில் காய்ந்துகிடந்த சாக்கின் மேல் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினார்.

இன்று இருபத்தோராம் நாள். விடிந்ததும் ஒரு முட்டையை எடுத்துக் காதில் வைத்தேன். டொக் டொக். மத்தியானத்துக்குள் ஒன்பது குஞ்சு. தம்பி இன்னும் பேசவில்லை, அம்மாவும் பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும். சீக்கு ஓயட்டும், பிளாஸ்கை எடுத்துக்கொண்டு அந்த ஊருக்கும் போகத்தான் போகிறேன். ஆனால் இனிமேல் யாராவது உங்கள் கைக்கு ராசியில்லை என்று என் காதுபடச் சொல்லிப் பார்க்கட்டும். அவர்களுக்குக் காப்பிகூடக் கிடையாது.