இடது முன் சில்லு

யூலை 7, திங்கள்

கச்சான் காற்று. விடியவே புழுதி. கொடியில் போட்ட சீலை காய்ந்து அப்பளமாகிவிட்டது.

கார் மறுபடி. முன் சில்லில் ஊ... என்று ஓர் உறுமல். மெல்லப் போனால் இல்லை, வேகம் எடுத்தால் வருகிறது. இவரைத் துறைமுக வாசலில் இறக்கிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போகையில் கிண்ணியாப் பாலம் முழுக்கக் கூடவே வந்தது. பாலத்தில் வலை வீசுகிறவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அல்லது எனக்குத்தான் அப்படி.

பின்னேரம் இவரை ஏற்றி வரும்போது சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "இடது முன் சில்லு. பேரிங் போச்சுது." தீர்ப்பு முடிந்தது. எனக்கென்றால் என் கால்மாட்டில், ஸ்டியரிங் பக்கம் கேட்ட மாதிரி. கப்பல் இழுக்கிற டக்கில் எஞ்சின் பார்க்கும் மனிதருக்குக் கணக்கு டீச்சர் பேரிங் படிப்பிப்பதா?

வெள்ளிக்கிழமை இவருக்கு மெடிக்கல். அதில் தவறினால் டக் இல்லை, கரையில் ஸ்டோர் மேசை. "என்னைக் கரையில இருத்தினா துருப்பிடிச்சுச் செத்துப்போவன்" என்று போன கிழமையும் சொன்னார். பிரஷர்தான் பயம். அதனால் வீட்டில் எனக்கும் சேர்த்து உப்பில்லை.

செய்ய: 9B தாள் திருத்த. காஸ் சிலிண்டர். கராஜ்.

யூலை 8, செவ்வாய்

வேலை முடிந்து இரண்டு பேருமாக ரபீக் நானாவின் கராஜுக்கு. வழக்கமாகப் போகிற இடம். நானா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "எந்தச் சில்லு ஐயா?" இவர், "இடது." நானா, "ஐயா சொன்னாப் பிறகென்ன." உடனே இடப்பக்கம் ஜாக்கி ஏறியது. காரை ஓடிக்கூடப் பார்க்கவில்லை. பல்லுக்கொதி என்று யார் வந்தாலும் வாயைத் திறக்கச் சொல்வார்கள். வந்தது இவர் என்பதால் சொன்ன பல்லைப் பிடுங்கியாயிற்று.

பிளாஸ்டிக் கதிரையில் இருந்து 9B தாள் திருத்தினேன். தாளில் கிறீஸ். பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வது?

கழற்றிய பேரிங்கை நானா விரலில் உருட்டிப் பார்த்தார். "கொஞ்சம் தேஞ்சுதான் இரிக்கி." இந்தக் காரில் தேயாதது எது?

வரும்போது டவுனுக்குள் நெரிசல். வேகமில்லை, சத்தமும் இல்லை. "பாத்தியே?" என்றார். பெருமை.

தங்கச்சி உப்புவெளியில் வீடு மாறுவதைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தேன். பதிலில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்வை. காரில் இவர் என்னோடு கதைப்பதை விட்டுக் கனநாள். நான் பத்துச் சொன்னால் ஒரு "ம்". கோபம் என்றால் இன்ன கோபம் என்று சொல்லலாம். எனக்கும் அலுத்துவிட்டது. இனி நானும் கதைக்கப்போவதில்லை.

யூலை 9, புதன்

சத்தம் அப்படியே. கூடியிருக்கிறது என்றுகூடச் சொல்லலாம்.

காலை, அரசாங்கக் கச்சேரியடியில் மான் கூட்டம் ரோட்டை மறித்து நின்றது. நிறுத்தின நேரத்தில் மெல்லச் சொன்னேன், "எனக்கு வலப்பக்கம் கேக்கிற மாதிரி இருக்கப்பா." ஒன்றுமில்லை. மான்கள் போய்விட்டன. திரும்பவும் சொன்னேன், உரத்து. அதற்கு ஒரு பாய்ச்சல்: "ஏன் கத்துறாய்? இடது எண்டு சொன்னனான் எல்லே! நானா பேரிங்கை நேராப் போடேல்ல, அவ்வளவுதான்."

மெல்லச் சொன்னால் காதில் விழுத்துவதில்லை, உரத்துச் சொன்னால் கத்துகிறேனாம். துறைமுக வாசல். இறங்கும்போது கதவை அறைந்தார். சில்லைவிட அதுதான் சத்தம்.

உப்பில்லாத கத்தரிக்காய்க் கறி. இவர் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன். எனக்கென்ன மெடிக்கலா?

யூலை 10, வியாழன்

பள்ளிக்கூடம் விட்டு நேரே கராஜ். தனியே. "நானா, சத்தம் போகேல்ல. ஒருக்கா ஏறி வாங்கோ."

நானா இடப்பக்கம், நான் ஸ்டியரிங். நேர் ரோட்டில் வேகம் எடுத்ததும் உறுமல். "டீச்சர், மெல்ல இடப்பக்கம் வெட்டுங்க." வெட்டினேன். ஓலமிட்டது. "இப்ப வலப்பக்கம்." அடங்கிவிட்டது. திரும்பவும் இடம், திரும்பவும் ஓலம்.

"இடப்பக்கம் வெட்டினா பாரம் வலச் சில்லில ஏறும். அதான் கத்துது. உங்கட பக்கம்தான் டீச்சர்."

கராஜில் வலது பேரிங்கைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். உள்ளே மணல் போட்டு அரைத்தது மாதிரி. "வேற ஆரும் சொல்லியிருந்தா ஓடிப் பாத்திருப்பன். ஐயா சொன்னதால விட்டுட்டன். என்ட பிழை." பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, "ஆனா டீச்சர், பக்கத்தில இருந்த எனக்கே தெளிவாக் கேக்குது. ஐயாக்கு எப்படிப் பிழைச்சது?"

அதே கதிரையில் இருந்தேன். காரில் இவர் இருப்பது இடப்பக்கம். ஜன்னல் பக்கம் இடக்காது. என் பக்கம் வலக்காது. அந்த "ம்"களெல்லாம் ஒவ்வொன்றாய் வந்தன. ஒரு காதுதான் கேட்டால் எல்லாச் சத்தமும் அந்தப் பக்கம்தானே.

வீட்டுக்கு வந்தேன். பிந்துவேன் என்று சொல்லியிருந்ததால் பஸ்ஸில் வந்து, விறாந்தையில் பேப்பரோடு இருந்தார். வலப்பக்கம் நின்று, "தேத்தண்ணி வேணுமோ?" பேப்பர் திரும்பியது, அவர் திரும்பவில்லை. சுற்றிப்போய் இடப்பக்கம் நின்று அதே குரலில் கேட்டேன். "ஓம். சீனி குறைய."

குசினிக்குள் போய் அழுதேன். என்னோடு கோபமே இல்லை அந்த மனிதருக்கு. இவ்வளவு காலமும் நான்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

அவருக்குத் தெரியாமலா இருக்கும்? தெரியும். மெடிக்கலில் காதும் பார்ப்பார்கள். பயந்தது பிரஷருக்கு அல்ல. எப்படியாவது சமாளித்துவிட வேண்டும் என்று நானும் நினைத்தேன். எழுதி வைக்கிறேன்: நினைத்தேன். பிறகு அந்த எஞ்சின் அறையில் இவரோடு வேலை செய்கிற மோகனின் நினைவு வந்தது. எஞ்சினுக்குள் கையை விட்டு வேலை செய்கிறவன். இவரை நம்பித்தான் விடுகிறான்.

நானாவிடம் போனதைச் சொல்லவில்லை. தேத்தண்ணி கொடுத்தேன்.

யூலை 11, வெள்ளி

காற்று இல்லை. புழுக்கம்.

கார் சத்தமில்லாமல் ஓடியது. இவர் கவனித்த மாதிரித் தெரியவில்லை. மனம் முழுக்க மெடிக்கல்.

துறைமுக வாசலில் நிறுத்தி, இறங்கி, சுற்றிப்போய் அவர் பக்க ஜன்னலில் குனிந்தேன். "உங்களுக்கு வலக்காது கேக்கிறேல்ல."

முகம் வெளுத்துவிட்டது. "ஆர் சொன்னது?"

"கார். பிழை வலச் சில்லில. நேற்று மாத்தினனான்."

பின்னால் ஒரு லொறி வந்து நின்றது. கேட்க வேண்டியதைக் கேட்டேன். "எஞ்சினுக்குள்ள கை வைச்சுக்கொண்டு மோகன் நிப்பாட்டச் சொல்லிக் கத்தினா உங்களுக்குக் கேக்குமோ?"

"கத்தினாக் கேக்கும்," என்றார். பிறகு மெல்ல, "எந்தப் பக்கம் எண்டுதான் தெரியாது."

லொறிக்காரன் ஹோர்ன் அடித்தான். இவர் இறங்கி நடந்தார். சாப்பாட்டுப் பை காரிலேயே.

வகுப்பில் ஒன்றும் ஓடவில்லை. பலகையில் கூட்டலையே பிழையாகப் போட்டேன். 9B சிரித்தது. ஜும்ஆத் தொழுகை நாள், பள்ளிக்கூடம் நேரத்தோடு விட்டது. நேரே துறைமுக வாசல். எனக்கு முதலே வந்து வெயிலில் நின்றார்.

"சொல்லிப்போட்டன்."

"ஆருக்கு?"

"டொக்டருக்கு. அவர் காதைப் பாக்க முந்தி நானே." வாசலுக்கு அங்கால், கடல் பக்கம் பார்த்தார். "திங்கள் தொடக்கம் ஸ்டோர்."

காரை ஸ்டார்ட் பண்ணப் போனேன். சுற்றி வந்து என் பக்கக் கதவைத் திறந்தார்.

"நீ அங்கால இரு. நான் ஓடுறன்."

அவருடைய இடத்தில் போய் இருந்தேன், அவர் இடக்காதின் பக்கம். ஓட்டினார். கண் கலங்கியிருந்தது, துடைக்கவில்லை. கொஞ்சத் தூரம் போனதும், "இப்ப கதை," என்றார்.

சொல்ல எவ்வளவோ இருந்தது. இராச்சாப்பாட்டுக்குப் பாண் வாங்கவேண்டும் என்றேன், மெல்ல, வழமையான குரலில்.

"ஓம்" என்றார்.