வளைவில் நிற்கும் அம்புக்குறி

2009 ஜூன் 7, ஞாயிறு

காலையிலேயே வெக்கை. கொல்லிமலை உச்சியில் மட்டும் மேகம். இங்கே காளப்பநாயக்கன்பட்டிக்கு ஒரு சொட்டு இல்லை.

வீட்டுக்காரர் செந்தில் பெங்களூரிலிருந்து கார் கொண்டு வந்துவிட்டார். அவரிடம் முட்டை வாங்கும் ஒருவர் வெளிநாடு போகிறாராம், விற்றுவிட்டார். பழைய வண்டிதான். ஆனால் ரேடியோ இருக்க வேண்டிய இடத்தில் ஒரு திரை. அதில் ரோடு தெரிகிறது. நாம் இருக்கும் இடத்தில் ஓர் அம்புக்குறி, வண்டி நகர்ந்தால் அதுவும் நகர்கிறது. ஒரு பெண் குரல் இங்கிலீஷில் வழி சொல்கிறது. எனக்குச் சிரிப்பு.

சாயங்காலம் மாமா தோட்டத்திலிருந்து வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். மாமனார் எதையும் சட்டென்று நல்லா இருக்கு என்று சொல்கிறவர் இல்லை. போர் மோட்டார் வாங்கினாலும் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார். கார் கதவைத் திறந்து உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். காபி ஆறிப்போனது.

சீட்டுக்கு உறை தைக்கக் கொடுக்க வேண்டும். நாளை லேபில் சோதனைக்குக் கோழித் தீவன மாதிரிகள் நிறைய வரும், சீக்கிரம் கிளம்பணும்.

ஜூன் 9, செவ்வாய்

வண்டியை வைக்கோல் போரை ஒட்டின தகரக் கொட்டகையில் நிறுத்தியிருக்கிறோம். அங்கே அம்புக்குறி அசையவில்லை. ‘சிக்னல் இல்லை’ என்று எழுத்து. செந்திலுக்கு ஒரே கவலை, ஏமாந்துவிட்டோமோ என்று. கண்ணாடியில் ஒட்டின கறுப்பு ஃபிலிம்தான் காரணம் என்று நாமக்கல் கடைக்காரர் போனில் சொன்னாராம். உடனே பிளேடு எடுத்துச் சுரண்டப் போனார். தடுத்தேன்.

வண்டியோடு வந்த புத்தகத்தை நான்தான் படித்தேன். ஆன்டெனா வண்டிக் கூரை மேல் இருக்கிறது. அதனால் ஃபிலிம் ஒன்றும் செய்யாது. வானத்தில் சுற்றும் சாட்டிலைட்டுகளில் குறைந்தது நாலு கண்ணில் பட்டால்தான் இடம் சரியாகத் தெரியும். தகரம் மறைத்தால் எங்கே பார்க்கும்? வண்டியை வெளியே எடுக்கச் சொன்னேன். சில நிமிஷம் ஆனது, சிக்னல் வந்துவிட்டது. செந்தில் முகத்தில் கல்யாண நாள் சந்தோஷம்.

மாமா பார்த்துக்கொண்டே இருந்தார். அப்போ மலையில் எப்படி, ஒரு பக்கம் பாறை மறைக்குமே என்று கேட்டார். தெரியலீங்க மாமா என்றேன்.

மலை என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து எவ்வளவு நாள் ஆகிறது.

ஜூன் 11, வியாழன்

காற்று. துணியெல்லாம் புழுதி.

நான் பிறந்த வீடு மலைமேல், எடப்புளி நாட்டு ஊர் ஒன்றில். செந்தில் என்னைக் கட்டுகிறேன் என்றபோது, மலைக்காரங்க வீட்டுப் படியை மிதிக்கமாட்டேன் என்று மாமா பங்காளிகள் நடுவில் சொல்லிவிட்டார். கல்யாணம் அடிவாரக் கோயிலில் நடந்தது. வந்தார், அட்சதை போட்டார், போய்விட்டார். அப்புறம் என்னிடம் ஒரு கடுஞ்சொல் கிடையாது. எனக்குக் காய்ச்சல் வந்தபோது மொபெட்டில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதே அவர்தான். ஆனால் சொன்னது சொன்னதுதான். அப்பா மூன்று தடவை வந்து அழைத்தார். பார்க்கலாம் என்பதோடு சரி.

இன்று அம்மா போன். பலா பழுத்துவிட்டது, யாராவது வந்தால் எடுத்துப் போகலாமே என்றாள். அந்த ‘யாராவது’ யார் என்று எனக்குத் தெரியும்.

ஜூன் 14, ஞாயிறு

எதிர்பார்க்கவே இல்லை. காலையில் மாமா சட்டை மாட்டிக்கொண்டு வந்து செந்திலிடம், “மலை ரோட்டுல அது எந்த எடத்துல நின்னு போகுதுன்னு பாக்கோணும், வண்டிய எடு” என்றார். நானும் புத்தகத்தோடு பின் சீட்டில்.

அடிவாரம் தாண்டி முதல் வளைவுகளில் நன்றாகவே போனது. பாறை நெருங்க நெருங்கத் தடுமாற்றம். விசித்திரம் என்னவென்றால் சிக்னல் போன பிறகும் அம்புக்குறி நிற்கவில்லை. கொஞ்ச தூரம் சரியாகப் போனது, பிறகு ரோட்டை விட்டுப் பள்ளத்தில் இறங்கிவிட்டது. புத்தகத்தில் தேடிப் படித்துச் சொன்னேன்: சாட்டிலைட் தெரியாதபோது சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது, வண்டி எந்தப் பக்கம் திரும்பியது என்று பார்த்து அதுவே ஊகம் செய்கிறது. நேர் ரோட்டில் சமாளித்துவிடும். வளைவு மேல் வளைவு வந்தால் சின்னச் சின்னப் பிசகு சேர்ந்து பெரிதாகிவிடும்.

மாமாவுக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. “கண்ணக் கட்டிட்டு அடி எண்ணி நடக்கற மாதிரி.” அதையே திரும்பவும் சொல்லிச் சிரித்தார்.

பாதி மலையில் மழை. திரும்பிவிட்டோம். மேலே பார்த்துக்கொண்டே இறங்கினேன். செந்தில் கண்ணாடியில் என்னைப் பார்த்தார், நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஜூன் 17, புதன்

லேபில் கரண்ட் இல்லை, பாதி நாள் சும்மா. சீட்டு உறை வந்துவிட்டது, நிறம் சகிக்கவில்லை.

மாமா பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் சாட்டிலைட் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். நாலு என்பது ஏழாகிவிட்டது. திருத்தவில்லை.

ஜூன் 21, ஞாயிறு

எல்லாவற்றையும் எழுத வேண்டும். கை வலித்தாலும்.

மறுபடி கிளம்பினோம். மேலே ஏறினதும் திரும்பிவிடலாம் என்று மாமா முதலிலேயே சொல்லிவிட்டார். அம்புக்குறி போன வாரத்தைப் போலவே பாறையோரம் தடுமாறியது, பள்ளத்தில் விழுந்தது. கடைசி வளைவு தாண்டி வானம் திறந்ததும் ஒரே தாவலில் ரோட்டுக்கு வந்து நின்றது. மாமா தொடையில் தட்டிக்கொண்டார். குளிர் காற்று, மிளகுக்கொடி வாசம்.

செந்தில் வண்டியைத் திருப்ப இடம் பார்த்தார். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ.

“எங்கூரு ரோடு இதுல இல்லீங்க மாமா” என்றேன். “சிக்னல் இருக்கும், ரோடு மட்டும் இருக்காது.”

செந்தில் எஞ்சினை அணைக்கவும் இல்லை, கியர் போடவும் இல்லை. ஒரு பஸ் எங்களைத் தாண்டிப் போனது.

“ரோடே இல்லாத எடத்துல என்ன பண்ணுதுன்னு பாக்கலாம், போ” என்றார் மாமா.

மரவள்ளிக் காடுகளுக்கு நடுவே போனோம். திரையில் ரோடு முடிந்து வெறும் பச்சை. அதன் நடுவில் அம்புக்குறி மட்டும் போய்க்கொண்டிருந்தது. எங்கள் வாசலில் வண்டி நின்றது. அம்மா ஈரக் கையோடு ஓடிவந்தாள், மாமாவைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். மாமா இறங்கவில்லை. கதவை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தார்.

அப்பா வந்தார். உள்ளே வாங்க என்று அவர் கூப்பிடவில்லை. மூன்று தடவை கூப்பிட்டவர். கதவோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இது என்னங்க என்று கேட்டார். மாமா ஆரம்பித்தார். சாட்டிலைட், சக்கரம், கண்ணைக் கட்டின நடை. அப்பா தலையாட்டிக் கேட்டார்.

“நம்மூரு இதுல எங்கீங்க இருக்குது?”

“இங்கதான். சுத்தியும் ஒண்ணுமே போடல பாருங்க.”

“அதுக்குத் தெரியாதாட்டிருக்குதுங்க” என்றார் அப்பா, வருத்தமே இல்லாமல்.

மாமாவுக்கு அது சரியாகப் படவில்லை போல. இத்தனை வீடு இருக்கிறது, காடு இருக்கிறது, மேப் போட்டவன் எப்படி விட்டான் என்று முணுமுணுத்தார். பிறகு பலாமரத்தடியில் சிக்னல் எப்படி என்று பார்க்க வேண்டும் என்றார். செந்தில் வண்டியை நகர்த்தினார். அடர்ந்த மரம், இலையெல்லாம் ஈரம். சிக்னல் குறைந்தது. இலை எவ்வளவு நெருக்கம் என்று பார்க்க மாமா இறங்கினார். நிமிர்ந்து பார்த்தபடியே மரத்தைச் சுற்றினார். சுற்றி முடித்தபோது அம்மா தண்ணீர்ச் சொம்போடு எதிரில் நின்றாள்.

வாங்கிக் குடித்தார். சொம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் செருப்பைக் கழற்றினார்.

சாமைச்சோறு, பருப்பு, பலாச்சுளை. மாமா இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார். நான் பரிமாறவில்லை, கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவே பரிமாறினாள்.

இறங்கும்போது யாரும் திரையைப் பார்க்கவில்லை. மாமா தூங்கிவிட்டார். பின்னால் இரண்டு பலாப்பழம், வண்டி முழுக்க மணம்.

ஜூன் 23, செவ்வாய்

மேகமூட்டம், மழை இல்லை. தலைக்குக் குளித்தேன்.

சாயங்காலம் மாமாவின் பங்காளி பெரியசாமி வந்தார். மலைக்காரங்க படி மிதிக்கமாட்டேன் என்று மாமா சொன்ன அன்று கூட்டத்தில் இருந்தவர். வாசலில் பேச்சு, எனக்கு அடுப்படியில் கேட்டது. மலைக்குப் போனதாகச் சொல்கிறார்களே, ஏதோ கார் மிஷின் பார்க்கவா என்று இழுத்தார்.

வண்டியைப் பற்றி மாமா நிறையச் சொல்லுவார் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

“சம்பந்தி ஊட்டுக்குப் போயிருந்தன்” என்றார்.

அவ்வளவுதான். பிறகு மழை, மோட்டார், மாட்டு விலை என்று பேச்சு போனது. நான் கரண்டியோடு நின்றுகொண்டே இருந்திருக்கிறேன். சோறு குழைந்துவிட்டது.